உயிரின் எரிபொருளைக் கண்டறிந்த எல்லாப்பிரகட சுப்பாராவ்

புது தில்லி: நாட்டில் 60 வயதைக் கடந்தோரின் எண்ணிக்கை 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பத்துக் கோடியைத் தாண்டியது. முதியோர் மருத்துவ நலனுக்கென மத்திய அரசு 2010-இல் தனியொரு தேசியத் திட்டத்தையும் தொடங்கியது. வயது ஏற ஏறத் தசை தளர்வது ஏன், இதயம் சோர்வது ஏன் என்று ஆராயும் விஞ்ஞானிகள் உலகெங்கும் அளந்து பார்க்கும் பொருள்களில் இரண்டு முதன்மையானவை. ஒன்று, ஏ.டி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட். மற்றொன்று பாஸ்போகிரியேட்டின். இவ்விரண்டையும் உயிருள்ள தசையில் கண்டறிந்த சிலருள் ஒருவர், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னையில் படித்து, முழுமையான மருத்துவப் பட்டம் மறுக்கப்பட்டுக் கடல் கடந்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் பிறந்தது 1895 ஜனவரி 12-ஆம் தேதி. ஏழு குழந்தைகளில் நான்காமவர். தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். நோயினால் முன்னதாகவே ஓய்வு பெற்றார். குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. பள்ளிப் படிப்பில் சுப்பாராவுக்குப் பெரிதாக நாட்டமில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முறைதான் வெற்றி பெற்றார். அதுவும் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பிறகே. பின்னர் மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். துறவு பூண்டு ராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார், தாயார் இசையவில்லை. துறவுக்குப் பதிலாக மருத்துவம் படிக்க முடிவு செய்து சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் உதவினர்.

அந்த ஆண்டுகளில்தான் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. உணவைச் செரிக்கவும் சத்துகளை உட்கொள்ளவும் இயலாதபடி சிறுகுடலைச் சிதைக்கும் 'ஸ்புரூ' என்னும் வெப்பமண்டல நோய்க்கு அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் பலியாயினர். அந்நோய்க்கு அன்று மருந்து இல்லை. சுப்பாராவும் அதே நோயில் வீழ்ந்தார். ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் தேறினார். ஸ்புரூவுக்கு மருந்து காண வேண்டும் என்ற வைராக்கியம் அவரை விட்டு அகலவேயில்லை.

ஒத்துழையாமை இயக்கம் வீறு கொண்டிருந்த காலம் அது. அந்நியத் துணியைப் புறக்கணிக்குமாறு காந்தியடிகள் விடுத்த அழைப்பை ஏற்றுச் சுப்பாராவ், அறுவை சிகிச்சை அரங்கிலும் கதர் அங்கியே அணிந்தார். அறுவை மருத்துவப் பேராசிரியரான ஆங்கிலேயர் பிராட்ஃபீல்டுக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நன்றாகவே எழுதியிருந்தும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே வழங்கப்பட்டது. ஒரு துண்டு கதருக்காக ஒரு மாணவரின் வாழ்க்கைப் பாதையையே மாற்றும் அதிகாரம் அன்று ஒரு பேராசிரியரின் கையில் இருந்தது. மாகாண மருத்துவப் பணியில் சேர அவர் எடுத்த முயற்சியும் கைகூடவில்லை. லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு விரிவுரையாளராகச் சிறிது காலம் பணியாற்றினார். மரபு மருந்துகளை இக்கால ஆய்வுமுறைக்கு உட்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது.

காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் பொருளுதவி செய்ய, 1920-களின் தொடக்கத்தில் சுப்பாராவ் பாஸ்டன் நகரில் கால் வைத்தார். மனைவி சேஷகிரியைத் தாயகத்தில் விட்டுச் சென்றார். அதன்பின் இருவரும் சந்திக்கவே இல்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. எல்.எம்.எஸ். சான்றிதழுடன் அந்நாட்டில் மருத்துவராகத் தொழில் செய்யவும் வழியில்லை. பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுப் பணியாளராகச் சேர்ந்து, நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவிக் கிடைத்த கூலியில் படித்தார். பட்டயம் பெற்றபின் ஹார்வர்டிலேயே உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

நீல நிறம் சொன்ன செய்தி: உடல் திரவங்களிலும் திசுக்களிலும் எவ்வளவு பாஸ்பரஸ் உள்ளது என்பதை அளக்க எளிய வழி அன்று இல்லை. ஃபிஸ்கும் சுப்பாராவும் சேர்ந்து 1925-இல் அதற்கொரு முறையை வெளியிட்டனர். பாஸ்பேட்டுடன் மாலிப்டிக் அமிலத்தைச் சேர்த்துப் பின் ஒரு வேதிப்பொருளால் ஒடுக்கினால் நீல நிறம் தோன்றும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். இரு விஞ்ஞானிகளின் பெயராலும் அழைக்கப்படும் இம்முறை, நூறாண்டு கடந்தும் உயிர்வேதியியல் மாணவர்களின் பாடத்தில் இடம்பெறுகிறது.

தசைச் சாற்றை இம்முறையால் அளந்தபோது ஒரு விசித்திரம் தென்பட்டது. நீல நிறம் உடனே முழுமை பெறாமல் மெல்ல மெல்ல ஏறியது. ஆய்வில் பிழை என்று ஒதுக்கிவிட்டிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை. தசைக்குள் ஏதோ ஒரு பொருள் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. அமிலம் பட்டதும் அது சிதைந்து பாஸ்பேட்டைச் சிறிது சிறிதாக விடுவிக்கிறது. அதனாலேயே நிறம் தாமதிக்கிறது என்று ஊகித்தனர். அப்பொருள்தான் பாஸ்போகிரியேட்டின். 1927-இல் இதை அறிவித்தனர். இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் ஏறக்குறைய அதே வேளையில் இதே பொருளை எட்டியிருந்தனர்.

தசை வேலை செய்யும்போது பாஸ்போகிரியேட்டின் குறைகிறது, ஓய்வெடுத்தால் மீண்டும் நிரம்புகிறது. இந்த உண்மை அன்றைய அறிவியல் பீடத்தையே அசைத்தது. தசைச் சுருக்கத்துக்கு லாக்டிக் அமிலமே அடிப்படை என்ற கொள்கை அப்போது கோலோச்சியது. அந்த ஆய்வுகளுக்காக ஏ.வி. ஹில், ஓட்டோ மையர்ஹாஃப் ஆகியோர் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசையே பெற்றிருந்தனர். லாக்டிக் அமிலம் உருவாகாதபடி நஞ்சூட்டப்பட்ட தசையும் சுருங்குகிறது, பாஸ்போகிரியேட்டின் தீரும்வரை சுருங்குகிறது என்று டென்மார்க்கின் ஐனர் லுண்ட்ஸ்கார்ட் 1930-இல் நிறுவியபோது பழைய கொள்கை சரிந்தது.

அதற்கு முந்தைய ஆண்டிலேயே இன்னும் பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்துவிட்டது. மூன்று பாஸ்பேட் கண்ணிகளைத் தாங்கிய ஏ.டி.பி.யைத் தசையிலிருந்து பிரித்தெடுத்ததை ஃபிஸ்கும் சுப்பாராவும் 1929 அக்டோபரில் வெளியிட்டனர். ஜெர்மனியில் மையர்ஹாஃபின் ஆய்வகத்தைச் சேர்ந்த கார்ல் லோமான் இரு மாதங்களுக்கு முன் அதையே வெளியிட்டிருந்தார். ஒருவரையொருவர் சாராமல் இரு கண்டங்களில் கிடைத்த வெற்றி இது. ஆனால் ஏ.டி.பி. உயிர்கள் அனைத்துக்கும் பொதுவான ஆற்றல் நாணயம் என்ற தெளிவு உடனே பிறக்கவில்லை. 1941-இல் ஃபிரிட்ஸ் லிப்மன் எழுதிய ஆய்வுரைக்குப் பிறகே அது நிலைபெற்றது.

இந்த நாணயத்தின் புழக்கம் வியப்பூட்டுவது. எந்த ஒரு கணத்திலும் மனித உடலில் இருக்கும் ஏ.டி.பி. கால் கிலோவைத் தாண்டாது. ஆனால் ஒரு நாளில் உடல் ஆக்கி அழிக்கும் ஏ.டி.பி.யின் மொத்த அளவு, ஏறத்தாழ அவரவர் உடல் எடைக்கே நிகராகும். சேமித்து வைக்கும் பொருளன்று இது; நொடிக்கு நொடி செலவாகி, நொடிக்கு நொடி உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் புதிதாய் ஆக்கப்படுவது. இதயத்தின் கையிருப்பு, புதுப்பிக்கப்படாவிட்டால் சில விநாடிகளில் தீர்ந்துபோகும். உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

முதுமையில் இந்தக் கணக்கு என்ன ஆகிறது? ஏ.டி.பி. வற்றிப்போவதால் உடல் தளர்கிறது என்பது பொதுவான எண்ணம். உண்மை அவ்வளவு எளிதன்று. ஓய்வு நிலையில் அளந்தால் முதியவரின் தசையில் ஏ.டி.பி.யின் அளவு இளைஞருடையதைவிடப் பெரிதாகக் குறைந்திருப்பதில்லை. உறுப்புகள் அதை எப்பாடு பட்டேனும் நிலையாக வைத்திருக்கின்றன. ஏ.டி.பி. செலவானவுடன், கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதியின் துணையால் பாஸ்போகிரியேட்டின் தன்னிடமுள்ள பாஸ்பேட்டைக் கொடுத்து அதை மீட்டுவிடுகிறது. சுப்பாராவ் முதலில் கண்ட பொருள், இரண்டாவதாகக் கண்ட பொருளின் அளவைக் காக்கும் சேமநிதி. முதுமையில் முதலில் கைவைக்கப்படுவது இந்தச் சேமநிதியில்தான்.

இதை ஊசியின்றி, கத்தியின்றி அளக்க முடிகிறது. எம்.ஆர்.ஐ. கருவியைப் போன்ற காந்தப் புலத்தில் பாஸ்பரஸ் அணுக்கள் தரும் சமிக்ஞையைக் கொண்டு, உயிருள்ள மனிதரின் தசைக்குள் பாஸ்போகிரியேட்டின் எவ்வளவு, ஏ.டி.பி. எவ்வளவு என்று நேரடியாகவே அறியலாம். காலை மடக்கி நீட்டிக் களைத்தபின் பாஸ்போகிரியேட்டின் மீண்டும் நிரம்பும் வேகமே மைட்டோகாண்ட்ரியாவின் திறனுக்கு அளவுகோல். வயது கூடக் கூட இந்த வேகம் குறைகிறது. வேகம் குறைந்த முதியவர்களின் நடையும் மெதுவாகவே இருக்கிறது. இதயத்தில் பாஸ்போகிரியேட்டினுக்கும் ஏ.டி.பி.க்கும் உள்ள விகிதம் வயதுடன் சரிகிறது. இதயச் செயலிழப்பில் அது இன்னும் தாழ்கிறது. கல்லீரலின் நிலை வேறு. அதன் உயிரணுக்களில் கிரியேட்டின் கைனேஸ் ஏறத்தாழ இல்லை. ஆகவே இந்தச் சேமநிதியும் இல்லை. அன்றாட உற்பத்தியையே அது நம்பியிருக்கிறது. உறுப்புக்கு உறுப்பு முதுமை வேறு வேறு விதமாய் நிகழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நலிவின் ஒரு பகுதி வயதினால் வருவதே அன்று என்பது ஆறுதலான செய்தி. உடலுழைப்பு குறைந்ததாலும் மைட்டோகாண்ட்ரியா குன்றுகிறது. முதியவர்கள் தொடர்ந்து நடைப்பயிற்சி போன்ற பயிற்சிகளை மேற்கொண்டால் அத்திறன் ஓரளவு மீள்கிறது. கிரியேட்டின் மாத்திரை, எடை தூக்கும் பயிற்சியுடன் சேரும்போது முதியோரின் தசைக்குச் சிறிய அளவில் துணை செய்கிறது. ஏ.டி.பி. ஆக்கத்துக்கு இன்றியமையாத என்.ஏ.டி. என்னும் மற்றொரு மூலக்கூறு, விலங்குகளின் பல உறுப்புகளில் வயதுடன் குறைவது தெரியவந்துள்ளது. அதைப் பெருக்குவதாகக் கூறி இளமை மாத்திரைகள் பெருவிலைக்கு விற்கப்படுகின்றன. அவை இரத்தத்தில் என்.ஏ.டி. அளவை உயர்த்துவது உண்மை. மனிதரின் முதுமையை அவை தடுக்கின்றன என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. விளம்பரங்களில் இந்த வேறுபாடு காணக்கிடைப்பதில்லை.

மறுக்கப்பட்ட நாற்காலி: இவ்வளவுக்கும் வித்திட்டவருக்கு ஹார்வர்டு தந்தது 1930-இல் ஒரு முனைவர் பட்டம். நிரந்தரப் பேராசிரியர் பதவி கடைசிவரை தரப்படவில்லை. அங்கே பத்தாண்டுகள் மேலும் உழைத்தார். கல்லீரல் சாற்றிலிருந்து இரத்தசோகைக்கான மருந்துப்பொருளைப் பிரித்தெடுக்க முயன்றார். அவர் தனித்துப் பிரித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகளைப் பிற்காலத்தில் மற்றவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், ஃபிஸ்க் பொறாமையால் அவற்றை வெளிவரவிடவில்லை போலும் என்றும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னாளில் பதிவு செய்தார். அதே ஆய்வகத்தில் மாணவராக இருந்து 1988-இல் நோபல் பரிசு பெற்றவர் ஹிட்சிங்ஸ் என்பதால் அச்சொல்லை எளிதில் புறந்தள்ள முடியாது. சுப்பாராவோ புகழைத் தேடிச் செல்லும் இயல்பினர் அல்லர். நேர்காணல்களையும் புகைப்படங்களையும் தவிர்த்தார்.

1940-இல் ஹார்வர்டை விட்டு நீங்கி, அமெரிக்கன் சயனமிட் குழுமத்தைச் சேர்ந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். நியூயார்க்கை அடுத்த பேர்ல் ரிவர் என்னும் ஊரில் அமைந்த அந்நிறுவனத்தின் ஆராய்ச்சி முழுவதும் விரைவில் அவர் தலைமைக்கு வந்தது. பல்கலைக்கழகம் தராத ஆள்பலத்தையும் பொருள்பலத்தையும் ஒரு வணிக நிறுவனம் தந்தது. அடுத்த எட்டே ஆண்டுகளில் அங்கு நிகழ்ந்தவற்றை ஒரு மனிதரின் வாழ்நாள் சாதனையாகவே கொள்ளலாம்.

முதலில் ஃபோலிக் அமிலம். கருவுற்ற ஏழைப் பெண்களின் இரத்தசோகையை ஈஸ்ட் சாறு தீர்க்கிறது என்று ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் பம்பாயில் கண்டறிந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியும், அச்சாற்றில் உள்ள பொருளைச் செயற்கையாக ஆக்க எவராலும் இயலவில்லை. சுப்பாராவின் குழு 1945-இல் அதைச் சாதித்தது. செயற்கை ஃபோலிக் அமிலத்தை மருத்துவர் டாம் ஸ்பைஸ் ஸ்புரூ நோயாளிகளுக்குக் கொடுத்தபோது அவர்கள் எழுந்து நடமாடினர். சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு, கால் நூற்றாண்டுக்கும் மேலான தேடலுக்குப் பின் மருந்து கிடைத்தது.

ஃபோலிக் அமிலத்தை ஆக்கத் தெரிந்தவர்களுக்கு அதன் போலியையும் ஆக்கத் தெரிந்தது. உயிரணு பெருகுவதற்குத் தேவையான அந்த வைட்டமினின் இடத்தில் போய் அமர்ந்துகொண்டு வேலையைத் தடுக்கும் மூலக்கூறுகள் அவை. பாஸ்டனில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயுடன் போராடிவந்த சிட்னி ஃபார்பருக்கு, அமினோப்டெரின் என்னும் அத்தகைய மருந்தை லெடர்லி ஆய்வகம் அனுப்பியது. பதினாறு குழந்தைகளில் பத்துப் பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூனில் ஃபார்பர் அறிவித்த அந்த முடிவு, வேதிச் சிகிச்சையின் வரலாற்றில் ஒரு தொடக்கம். அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட், புற்றுநோய்க்கு மட்டுமின்றி மூட்டுவாத நோய்க்கும் இன்றுவரை உலகெங்கும் வழங்கப்படுகிறது.

இந்தியாவைப் பொறுத்தவரை இதனினும் நேரடியான கொடை ஒன்றுண்டு. யானைக்கால் நோய்க் கிருமியை அழிக்கும் டை எத்தில் கார்பமசின் லெடர்லி ஆய்வகத்தில் உருவாகி 1947-இல் வெளிவந்தது. இந்தியா 1955-இல் தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் பரவிய மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை அனைவருக்கும் மருந்து வழங்கும் இயக்கம் 2004 முதல் நாடு தழுவி நடந்தபோது கோடிக்கணக்கானோர் விழுங்கியது இந்த மாத்திரையையே. அதைப் பெற்றுக்கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சுப்பாராவ் என்ற பெயரைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

போர்க்காலத்தில் பென்சிலினுக்கு இணையாகப் புதிய நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தேடும் பணியையும் லெடர்லி மேற்கொண்டது. பல இடங்களிலிருந்து மண் மாதிரிகள் வரவழைத்து ஆராயப்பட்டன. மூத்த தாவரவியலாளர் பெஞ்சமின் டுக்கர் அவ்வாறு கண்டெடுத்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் முதலாவது. அது 1948 ஜூலையில் நியூயார்க்கில் அறிவிக்கப்பட்டது. ஆராய்ச்சியின் தலைவரான சுப்பாராவ் இந்த வெற்றியிலும் பின்வரிசையிலேயே நின்றார்.

இவ்வளவும் செய்தவர் அமெரிக்கக் குடிமகனாகவில்லை. இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1923-இல் தீர்ப்பளித்திருந்தது. 1946-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. கதவு திறந்த பிறகும் அவர் குடியுரிமை பெற்றாரில்லை. தாயகமோ அடுத்த ஆண்டு விடுதலை பெற்றது; அங்கும் அவர் திரும்பினாரில்லை. அந்நிய ஆட்சியின் கீழ் கதருக்காகப் பட்டம் இழந்தவரைச் சுதந்திர இந்தியா அழைத்துக்கொள்ளக் கிடைத்த அவகாசம் ஓராண்டுதான்.

ஆரியோமைசின் அறிவிக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. 1948 ஆகஸ்டில் ஒரு நாள் உறக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பாராவின் உயிர் பிரிந்தது. வயது 53. பூஞ்சை இனம் ஒன்றுக்குச் 'சுப்பாரோமைசிஸ்' என்று விஞ்ஞானிகள் 1953-இல் பெயரிட்டனர். நூற்றாண்டு நிறைவையொட்டி இந்திய அஞ்சல் துறை 1995-இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.